கடைசி பெஞ்சில் ஒரு மஞ்சள் சேலை

"படார்!"

பஸ் ஜன்னலின் தகர ஷட்டர் சரிந்து விழுந்தது. பாண்டீஸ்வரி விரல்களை உருவிக்கொண்டது மயிரிழையில்தான்.

"அறிவிருக்கா உங்களுக்கு? விரல் போயிருந்தா...?"

"போகலைல்லா? பேப்பரும் நனையலை. பொறவு எதுக்குச் சத்தம்?"

ராஜபாளையத்தில் ஏறியதிலிருந்து அவள் இழுத்து இழுத்துப் பார்த்தும் அசையாத ஷட்டர் அது. பின்சீட்டுக்காரன் எழுந்து, அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, ஒரே தட்டில் இறக்கிவிட்டான். நன்றி சொல்ல வேண்டிய இடம்தான். ஆனால் அந்தக் குரலில் இருந்த தெனாவட்டு...

திட்டுவதற்காகத்தான் நிமிர்ந்தாள். திட்ட வரவில்லை.

தூக்கமில்லாமல் சிவந்த கண்கள். இமை ஓரத்தில் விழவா வேண்டாமா என்று நிற்கும் ஒரு மழைத்துளி. வாய் சிரித்தது, கண்கள் சிரிக்கவில்லை... இப்படிக்கூட ஒரு முகம் இருக்குமா?

அவள் மடியில் இருந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு தாள் நழுவி ஈரத்தரையில் விழுந்திருந்தது. அவன் குனிந்து எடுத்துச் சட்டையில் ஒற்றினான். எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"அமெரிக்கன்... க்ரைம் ஃபிலிம்ஸ்... இதென்ன டீச்சர், இங்கிலீஷ் சண்டப் படமா?"

"நான் டீச்சர்னு யாரு சொன்னா?"

"திட்டுன சத்தத்துலயே தெரியுதுல்லா."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"அமெரிக்காக்காரன் எடுக்கிற குற்றப் படங்கள்ல ஆம்பளைன்னா யாருன்னு எப்படிக் காட்டுறாங்க... அதான் என் ஆராய்ச்சி. ஆறு வருஷமா."

"ஆறு வருஷமா!" அவன் உண்மையிலேயே திகைத்துப்போனான். "தொப்பிய இறக்கிவிட்டுக்கிடுவான். சிகரெட்டப் பத்த வப்பான். வாயத் தெறக்காம நடப்பான். எதிர்ல பத்துப் பேரு வந்தாலும் ஓட மாட்டான். இதுக்கு எதுக்கு டீச்சர் அம்புட்டு பேப்பரு?"

அவளுடைய முதல் இரண்டு அத்தியாயங்கள். எண்பது பக்கம். பாவி... நான்கு வரியில் முடித்துவிட்டான்!

"நிறையப் படம் பாப்பீங்களோ?"

"எங்க அண்ணன் பாப்பான். தமிழ்ல டப்பிங் பண்ணினது. அவன்கூட உக்காந்து நானும்..."

அவன் ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான், அதற்கு அப்பால் ஏதோ தெரிவதுபோல.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது மழை வெறித்திருந்தது. அவள் கல்லூரிப் பக்கம் திரும்ப, அவன் கோர்ட்டுப் பக்கம் திரும்பினான். நான்கடி போனவன் நின்றான்.

"எம் பேரு வல்லரசு, டீச்சர். மில்லுல ஃபிட்டர். நீங்க அடுத்தாப்ல திட்டணும்னா பேரு வேணும்லா..."

அன்று வகுப்பில் பாண்டீஸ்வரி நடத்திய பாடம் அவளுக்கே நினைவில்லை.

*

முப்பத்தோரு வயது. கெஸ்ட் லெக்சரர் வேலை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் "பொண்ணு ஆம்பளைகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுது" என்று அம்மா வாய் தவறிச் சொல்லி, வந்தவர்கள் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போன வீடு அது. இனி மனசு எங்கே ஆடப்போகிறது என்றுதான் இருந்தாள்.

ஆடியது. பதினைந்து நாளுக்கொரு செவ்வாய்க்கிழமை ஆடியது. அவனுக்குக் கோர்ட்டில் வாய்தா நாள் அது. நைட் ஷிஃப்ட் முடித்து, குளித்து, தலையில் ஈரம் காயாமல் வருவான். அவளுக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்திருப்பான். பன்னிரண்டு கிலோமீட்டர்... அரை மணி நேரம். அதற்குள் பேசித் தீர்க்க வேண்டும்.

"டீச்சர், ஒண்ணு கவனிச்சீகளா? அந்தப் படத்துல எல்லாம் சாப்பிடுற சீன்ல ஒருத்தனும் முழுசாச் சாப்பிட மாட்டான். பாதியில போன் வரும், எந்திரிச்சுப் போயிருவான்."

"அட... ஆமா!"

"ஒருத்தனுக்கும் காய்ச்சல் வராது. பல்லு வலிக்காது. குண்டு பட்டாக்கூட பல்லக் கடிச்சுக்கிட்டு அவனே எடுத்துப் போடுவான். எங்க மில்லுல விரல்ல சின்னச் சிராய் ஏறுனாலே ரெண்டு நாளு லீவு கேக்காங்க."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். கைடு ஆறு வருடத்தில் சொல்லாததை இந்த ஃபிட்டர் காலேஜ் வாசலைக்கூட மிதிக்காமல், அண்ணனோடு உட்கார்ந்து பார்த்த டப்பிங் படங்களை வைத்தே சொல்லிவிடுகிறான்...

மூன்றாவது செவ்வாயோ நான்காவதோ, அவன் திடீரென்று கேட்டான்.

"அந்தப் படங்கள்ல... கோர்ட்டுல ஏறிச் சாட்சி சொல்றவன் யாராவது ஹீரோவா இருக்கானா டீச்சர்?"

அவள் யோசித்தாள். தன் பட்டியலில் இருந்த நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். சாட்சி சொல்கிறவன் எப்போதும் வியர்த்துக்கொண்டிருப்பான். கண் நிலையாக நிற்காது. காட்டிக்கொடுத்தவன் என்று கூட்டாளிகள் காறித் துப்புவார்கள். படம் முடிவதற்குள் ஏதாவது ஒரு காரில் செத்துக் கிடப்பான்.

"இல்லை..." என்றாள், ஆராய்ச்சியாளரின் குரலில். "அந்தப் படங்களோட கணக்குப்படி சாட்சி சொல்றவன் ஆம்பளையே இல்லை. அதைத்தான் நான் நாலாவது அத்தியாயத்துல..."

அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அத்தியாயத்தைப் பற்றி அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை.

"நீங்க எந்தக் கேஸுக்குப் போறீங்க?" என்று அவள்தான் கேட்டாள்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மழை வருமா என்று வானம் இருட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணன் கேஸு. முத்துக்குமரன்னு பேரு. ரெண்டு வருஷம் ஆச்சு. கூமாப்பட்டி எங்க ஊரு. பைக்குல போகையில ஒருத்தன் மேல லேசா உரசிட்டான். ஒரு சாரி சொல்லியிருந்தா முடிஞ்சது. அண்ணன் சொல்லலை. மூணாம் நாளு பிளவக்கல் போற ரோட்டுல, எங்க தோப்புல, பட்டப்பகல்ல மூணு பேரா வந்து வெட்டிட்டானுவ. ஓடியிருக்கலாம் டீச்சர்... தோப்புக்குள்ள ஓடியிருந்தா யாராலயும் பிடிச்சிருக்க முடியாது. அவன் ஓடலை. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மெதுவா எதுக்க நடந்து போனான்... அந்தப் படத்துல நடப்பாம்லா, அதே மாதிரி."

அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீங்க... அங்க இருந்தீங்களா?"

அவன் அவளைப் பார்த்தான். அந்தச் சிவந்த கண்களில் ஏதோ ஒன்று எழுந்து, உடனே அடங்கியது.

"இருந்தேன். ரெண்டு கைலயும் கல்ல எடுத்துக்கிட்டு விரட்டுனேன். தோப்பு முடியிற வரைக்கும் விரட்டுனேன்... தப்பிச்சுட்டானுவ."

மூன்று அரிவாளுக்கு எதிரே இரண்டு கல்! வெறுங்காலோடு தென்னைகளுக்கு நடுவே ஓடுகிறவனை அவள் மனசு படமாகவே ஓட்டிப் பார்த்தது. எதிர்ப்பதற்கென்றே இருநூற்று நாற்பது பக்கம் எழுதிய அதே படம்தான். அது தெரிந்தது. தெரிந்தும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது...

அன்று இறங்கும்போது அவன் விரல் அவள் விரலில் பட்டது. இருவருமே அதை உடனே எடுக்கவில்லை.

*

"அடுத்த செவ்வாய் எனக்குச் சாட்சி. நீங்க கோர்ட்டுக்கு மட்டும் வந்துறாதீக டீச்சர்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

வேண்டாம் என்று சொன்னால் போகாமல் இருக்க முடிகிறதா? தனியாகக் கூண்டில் நிற்பானே... கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று இருந்தால் தெம்பாக இருக்காதா? லீவு எழுதிக் கொடுத்தாள். ஒருமுறை அவன் வாய்விட்டு நல்லாயிருக்கு என்று சொன்ன மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டாள். கோர்ட் ஹாலில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

முன்வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அம்மாள்தான் அவன் தாய் பரிபூரணம் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதே கண்கள். எதிர்ப்பக்கம் மூன்று பேர், வெள்ளைச் சட்டையில், மாப்பிள்ளைகள் போல நின்றார்கள். பக்கத்தில் இருந்த யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள்: சம்பவத்தைப் பார்த்திருந்த டீக்கடைக்காரர் போன வாய்தாவிலேயே பல்டி அடித்துவிட்டார். இனி தம்பிக்காரன் ஒருத்தன்தான்.

டவாலி பேரைக் கூப்பிட்டான். வல்லரசு கூண்டில் ஏறினான். சத்தியம் சொன்னான். நிமிர்ந்தான்.

அவன் பார்வை ஹாலைச் சுற்றி வந்து கடைசி பெஞ்சில் நின்றது. பாண்டீஸ்வரி புன்னகைத்தாள். தைரியமா சொல்லுங்க என்று கண்ணாலேயே சொன்னாள்.

அவன் முகம் வெளுத்தது.

"சம்பவத்தன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" அரசு வக்கீல் கேட்டார்.

"மில்லுல..."

"என்னது?"

"மில்லுல இருந்தேன். நான் எதையும் பாக்கலை."

ஹாலில் சலசலப்பு. பரிபூரணம் தலையைத் தூக்கினாள். அரசு வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்டார். பிறகு பழைய போலீஸ் வாக்குமூலத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாக, ஹால் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"மூன்று பேர் அரிவாளோடு வருவதைப் பார்த்ததும் பயந்துபோய், பம்ப்செட் அருகில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி ஒளிந்துகொண்டேன். தொட்டியின் விளிம்பு வழியாக என் அண்ணனை வெட்டியவர்களைப் பார்த்தேன். இப்படி நீங்க சொன்னீங்களா, இல்லையா?"

"சொல்லலை."

"தொட்டிக்குள்ள ஒளிஞ்சீங்களா, இல்லையா?"

"இல்லை... இல்லை."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அதன்பிறகு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்களில் ஒருவன் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தான்.

பாண்டீஸ்வரி எழுந்து வெளியே வந்தாள். அப்படியானால் அந்தக் கல்...? அந்த ஓட்டம்...? எதிராளி கொடுத்ததை வாங்கிக்கொண்டானா? மிரட்டினார்களா? எதுவாக இருந்தால் என்ன, என்னிடம் பொய் சொன்னானே... அண்ணன் சாவை வைத்து என்னிடம் படம் காட்டினானே!

அவன் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் அவளுக்கு யாரும் இடம் பிடித்து வைக்கவில்லை. அவனாக வந்து பேசட்டும் என்று இருந்தாள். மூன்று வாரம் அப்படியே இருந்தாள். தீர்ப்பு வருவதற்கு முன் சாட்சியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மனு போட வழி இருக்கிறது என்று கல்லூரியில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னபோது, மறுநாளே தீர்ப்பு. ராத்திரி நான்கு தடவை அவன் நம்பரை அழுத்தினாள். போன் அணைந்து கிடந்தது.

*

குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. மூவரும் விடுதலை.

பாண்டீஸ்வரி போய்ச் சேர்ந்தபோது வெளியே அந்த மூவருக்கும் மாலை போட்டு, வெடி போட்டு, காரில் ஏற்றிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். மார்கழியிலும் விடாத மழை. சிவப்பு வெடித்தாள்கள் சேற்றில் ஊறிக்கொண்டிருந்தன.

வேப்பமரத்தடியில் வல்லரசு நின்றான். அவன் முன்னால் பரிபூரணம். அவள் அடிப்பாள் என்றுதான் பாண்டீஸ்வரி நினைத்தாள். அந்த அம்மாள் முந்தானையை எடுத்து மகன் தலையைத் துவட்டினாள்.

"நீ தொட்டிக்குள்ள ஒளிஞ்சது எனக்கு அன்னைக்கே தெரியும்லே. சட்டையெல்லாம் பாசி ஒட்டிக் கெடந்துச்சு. ஒண்ணு போனாலும் ஒண்ணு உசிரோட வந்துச்சேன்னுதான் ஆத்தா இருந்தேன்..." கை துவட்டுவதை நிறுத்தியது. "அதச் சொல்லுறதுக்கு என்னய்யா? ஒளிஞ்சேன், பாத்தேன்னு சொன்னா என்ன கொறஞ்சுபோகும்? என் புள்ளைக்காக நீ ஒரு வார்த்தை சொல்லலையேய்யா..."

பரிபூரணம் தனியாகவே நடந்து, வத்திராயிருப்பு பஸ் நிற்கிற பக்கம் போனாள். கூட வா என்று கூப்பிடவில்லை.

பாண்டீஸ்வரி கிட்டே வந்தாள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவன் கண்ணில் இப்போது எதுவுமே இல்லை... எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டுவிட்ட வீடு மாதிரி இருந்தது.

"ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன் டீச்சர்." மரத்தில் சாய்ந்தான். "அன்னைக்கு மில்லுல மெஷின் சத்தத்துக்குள்ள சொல்லிச் சொல்லிப் பழகிட்டு வந்தேன். ஐயா, பயந்துட்டேன். தொட்டிக்குள்ள ஒளிஞ்சேன். இந்த மூணு பேருதான். அம்புட்டுத்தான்... கூண்டுல ஏறி நிமிந்தா கடைசி பெஞ்சுல நீங்க. மஞ்சச் சேலை. என்னையப் பாத்துச் சிரிக்கீக."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்னு இருந்தேன். மில்லுல கேலி பண்ணுனா வேற மில்லுக்குப் போயிறலாம்னு இருந்தேன். உங்க முகம் மாறுறத மட்டும்... என்னால பாக்க முடியாது. உங்கள அம்புட்டு பிடிச்சுப்போச்சு எனக்கு. ஒரே ஒரு ஆளு கண்ணுலயாவது ஆம்பளையா இருக்கணும்னு நெனச்சேன். அதுக்காக எங்க அண்ணன ரெண்டாந்தடவையும் விட்டுட்டேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் அந்த முதல் ஐப்பசி மழையிலிருந்து அவள் காத்திருந்தாள். உங்களைப் பிடிச்சுப்போச்சு... எந்த பஸ்ஸில், எந்த மழையில் சொல்வான் என்று எத்தனை விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள்!

நின்ற இடத்திலேயே, சேறு என்றும் பார்க்காமல், வேர்மேல் உட்கார்ந்தாள். நான் வந்திருக்காவிட்டால்... அந்தப் பாழாய்ப்போன சிரிப்பைச் சிரிக்காமல் இருந்திருந்தால்...

"வல்லரசு... நானும் ஒண்ணு சொல்லணும்." "நீங்க கல்லை எடுத்துக்கிட்டு விரட்டினேன்னு சொன்னீங்கல்ல, அன்னைக்குத்தான் எனக்கு உங்க மேல ஆசை கரை தாண்டுச்சு. தொட்டிக்குள்ள ஒளிஞ்சேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த ஆசை நின்னிருக்குமான்னு... தெரியலை. ஆறு வருஷம் இதைத்தான் தப்புன்னு எழுதினேன். அதையே உங்ககிட்ட எதிர்பார்த்து உக்காந்திருந்தேன். சாட்சி சொல்றவன் ஆம்பளையே இல்லைன்னு உங்ககிட்ட நான்தான் சொன்னேன்... என் வாயாலதான் சொன்னேன்."

"படத்தப் பத்தித்தானே சொன்னீக."

"நீங்க யாரைப் பத்திக் கேட்டீங்கன்னு எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

மழை வலுத்தது. கறுப்புக் கோட்டுகள் கட்டுகளைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடின. அவன் மெல்லச் சரிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள். "கோர்ட்டுல சொல்ல வேண்டியதை எங்கிட்டச் சொல்லுங்க. முழுசா."

"இனிமே எதுக்கு டீச்சர்?"

"எதுக்கும் ஆகாது. சொல்லுங்க."

அவன் சேற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவனுடைய குரல் மாதிரியே இல்லை.

"மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு. தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. கழுத்து வரைக்கும் இருந்தேன். மொத வெட்டு விழுந்ததும் அண்ணன் திரும்பிப் பாத்தான். அப்பத்தான் அவனுக்கும் பயம் வந்துச்சு போல... என்னையக் கூப்பிட்டான். தம்பின்னுதான் எப்பவும் கூப்பிடுவான். அன்னைக்குப் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். ரெண்டு தடவை. நான் மூக்கு வரைக்கும் தண்ணிக்குள்ள போயிட்டேன். இத போலீஸ்லகூடச் சொல்லலை டீச்சர். ஆத்தாகிட்டயும் சொல்லலை... அவன் கூப்பிட்டான்... நான் போகலை..."

அழுதான். வாயைப் பொத்தாமல், முகத்தைத் திருப்பாமல், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்க, விக்கி விக்கி அழுதான். பாண்டீஸ்வரி அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"உங்களைத்தான் பிடிச்சிருக்கு" என்றாள். "இந்த உங்களை..."

வேண்டாம் என்று அவன் தலையை ஆட்டினான். திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டே இருந்தான். அவள் கையை விடவில்லை.